கரோல் அம்மாவுக்கு முப்பது செகண்ட் பாக்கி

நாகலக்ஷ்மி இதுவரை என் பேச்சைப் பதினோரு முறை பாதியில் நிறுத்தியிருக்கிறார். மறக்கவில்லை, எண்ணி வைத்திருக்கிறேன். டெக்ஸாஸின் இர்விங் ஊரில் எங்கள் தமிழ்ச் சங்கம் நடத்துவது பட்டிமன்றமோ பேச்சுப் போட்டியோ, எதுவானாலும் மேடைக்குக் கீழே ஓரமாக ஒரு குட்டி மேஜை போட்டு, தட்டினால் ‘டிங்’ என்கிற மணியும் ஸ்டாப்வாட்சுமாக அவர் உட்கார்ந்திருப்பார். நேரம் முடியக் கொஞ்சம் இருக்கும்போது முதல் மணி. அது எச்சரிக்கை. முடிந்ததும் இரண்டாவது மணி. அதற்கு மேலும் பேசினால் கை ஓயாமல் தட்டிக்கொண்டே இருப்பார். சங்கத் தலைவர், ஸ்பான்சர், சென்னையிலிருந்து டிக்கெட் போட்டு வரவழைத்த பேச்சாளர் என்ற வித்தியாசமெல்லாம் அந்தக் கைக்குக் கிடையாது. நான், பத்ரி, பதினெட்டு வருடமாக அந்த மேடையில் முழங்கி வருபவன். எனக்கும் கிடையாது.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. ராஜபாளையத்தில் பிறந்து, மதுரையில் படித்து, கணவர் பசுபதியோடு இங்கே வந்தவருக்கு முதல் ஏழு வருடம் வேலை பார்க்க அனுமதி இல்லை. வீட்டில் இருந்தபடி விசா நீட்டிப்பு, கைரேகைத் தேதி, கிரீன் கார்டு விண்ணப்பம் எல்லாவற்றையும் அவர்தான் கவனித்தார். ஒரு தேதி தப்பினால் ஒன்பது மாதம் போச்சு. அப்படிப் பழகியவரிடம் போய் “இதோ முடிச்சுடறேன்மா, ஒரே ஒரு நிமிஷம்” என்று கெஞ்சினால் எடுபடுமா? பிறகு லாஸ் கோலினாஸில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை கிடைத்தது. அதாவது அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்துச் சொல்லச் சம்பளம். பசுபதியின் கஷ்டத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

போன வருடம் அவருக்குக் குடியுரிமை வந்தது. வந்த மறு வாரமே, வாக்காளர்களுக்கு உதவும் ஒரு தன்னார்வக் குழுவில் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் குழுதான் இங்கே உள்ளூர் டிவியில் வேட்பாளர்களை வைத்து விவாதம் நடத்துகிறது. மார்ச்சில் பிரைமரி. மாநில சட்டசபைக்கு எங்கள் தொகுதியில் கட்சி யாரை நிறுத்துவது என்று கட்சி ஓட்டர்களே தேர்ந்தெடுக்கும் தேர்தல். எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் கதையை விட்டுவிட்டு என்னோடு சண்டைக்கு வருவீர்கள்.

போட்டியிட்டவர்கள் இருவர். ஒருவர் கரோல் ஹெண்ட்ரிக்ஸ். முப்பது வருடம் முதியோர் இல்லங்களில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர் டக் பார்னெட், ரியல் எஸ்டேட் வக்கீல், நல்ல உயரம், நல்ல பல்வரிசை. பிப்ரவரி முதல் வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு நேரடி ஒளிபரப்பு. குழுவை நடத்தும் ஜூடி என்ற அம்மாள், நேரம் பார்க்க யார் என்று கேட்டவுடன் நாகலக்ஷ்மி கையைத் தூக்கியிருக்கிறார்.

“அண்ணா, மறக்காம பாருங்க” என்று முந்தின நாளே எனக்கு ஃபோன். “சிட்டிசன் ஆனதுக்கப்பறம் இந்த ஊருக்கு நான் பண்ற முதல் வேலை.”

“உங்களையா காட்டப் போறாங்க? கேண்டிடேட்டத்தானே காட்டுவாங்க” என்றேன்.

“மணி கேக்கும்ல” என்றார்.

கேட்டது. நானும் என் மனைவி ஷ்யாமளாவும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம். ஒரு பதிலுக்குத் தொண்ணூறு செகண்ட். முப்பது செகண்ட் மிச்சமிருக்கும்போது நாகலக்ஷ்மி மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும், முடிந்ததும் மணி. மணி அடித்தால் பேச்சு நிற்க வேண்டும், அவ்வளவுதான் விதி. முக்கால் மணி நேரம் எல்லாம் கச்சிதமாக நடந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. எங்கள் சங்கத்தில் யாரும் இப்படிச் சொன்ன பேச்சுக் கேட்டதில்லை.

கடைசிக் கேள்வி, குளிர்காலத்தில் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்பது. டெக்ஸாஸில் நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் உறைந்து கிடந்த அந்தப் பனி வாரத்தை அனுபவித்தவர்களுக்கு அது வெறும் கேள்வி அல்ல. ஷ்யாமளா டிவி சத்தத்தைக் கூட்டினாள். கரோல் முதலில் தான் பார்த்த ஒரு கிழவரைப் பற்றிச் சொன்னார், ஆக்ஸிஜன் இயந்திரம் நின்று போனதைப் பற்றி. நிதானமான குரல். பிறகு நிமிர்ந்து, “நான் மூன்று காரியம் செய்வேன். முதலாவது” என்றார்.

டிங்.

கரோல் வாயை மூடிக்கொண்டார். கையைக் கட்டிக்கொண்டார். நிகழ்ச்சி நடத்துபவரும் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்பிவிட்டார்.

“அய்யய்யோ!” என்று நான் எழுந்தே விட்டேன். “ஷ்யாமளா, இது முதல் மணிடி! எச்சரிக்கை மணி! பழக்க தோஷத்துல அடிச்சுட்டாங்க!”

“அதெப்படி உங்களுக்குத் தெரியும்?”

“பதினோரு தடவை வாங்கினவன் நான். எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?”

சொல்லிவிட்டுச் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து பார்னெட். தொண்ணூறு செகண்ட் பேசினார், மணி அடித்தது, அவர் நிற்கவில்லை. மறுபடி அடித்தது. மணி வந்த திசையைப் பார்த்துச் சிரித்து, உள்ளங்கையைக் காட்டி, “மன்னிக்கணும், ஜனங்கள் உயிர் விஷயத்தில் எனக்கு மணி காதில் விழாது” என்றார். கூடத்தில் ஒரே கைதட்டல். என்ன திட்டம், எவ்வளவு செலவு, ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சொன்ன தோரணை இருக்கிறதே, அடடா. பதினெட்டு வருடமாக நான் சொல்ல நினைத்த பதிலை ஒருவன் சொல்லிவிட்டானே என்று எனக்கு ஒரு சிலிர்ப்பு.

என்ன நடந்தது என்று பிறகு நாகலக்ஷ்மியே சொன்னார். மஞ்சள் அட்டை மேஜையிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்துவிட்டது. குனிந்து தேடுகிறார், அகப்படவில்லை. வாட்சில் அறுபது செகண்ட். எச்சரிக்கை கொடுத்தாக வேண்டும். கை தன்னால் மணிக்குப் போய்விட்டது.

“அடிச்ச உடனே தெரிஞ்சுடுச்சு அண்ணா. எந்திரிச்சு ‘ஸாரி, மை மிஸ்டேக், ஷீ ஹேஸ் தர்ட்டி செகண்ட்ஸ்’னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். லைவ் டிவி, அவ்ளோ லைட்டு, அவ்ளோ பேரு. வாயே வரல.”

மறுநாள் காலைக்குள் அந்தத் துண்டு வீடியோ ஊரெல்லாம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ‘மூன்று காரியம் செய்வேன், முதலாவது’ என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டியம்மா விழித்துக்கொண்டு நிற்கிறார். உடனே பார்னெட் உள்ளங்கையைக் காட்டிச் சிரிக்கிறார். இவ்வளவுதான் வீடியோ. எங்கள் வாட்ஸப் குழுவில் இட்லி வேகவில்லை என்றால்கூட ‘மூன்று காரணம், முதலாவது’ என்று எழுதிச் சிரித்தார்கள். ஆஸ்டினில் படிக்கும் நாகலக்ஷ்மியின் மகள் தீக்ஷாவே அம்மாவுக்கு அதை அனுப்பி, “அம்மா, யுவர் பெல் இஸ் வைரல்!” என்று எழுதியிருந்தாள்.

நாகலக்ஷ்மிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜூடிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். ஆபீஸில் எழுதுகிற அதே ஒழுங்கில்: என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும், யார் பொறுப்பு. ஜூடி, கவலைப்படாதே கண்ணே, எல்லோருக்கும் நடப்பதுதான் என்று பதில் போட்டு, குழுவின் இணையப் பக்கத்தில் நாலு வரித் திருத்தமும் வெளியிட்டார். ஒரு வாரத்தில் அந்தத் திருத்தத்தைப் பார்த்தவர்கள் முப்பத்தேழு பேர். வீடியோவைப் பார்த்தவர்கள் பதினோராயிரம் பேர். முப்பத்தேழிலும் பத்துப் பதினைந்து தடவை நாகலக்ஷ்மியே திறந்து பார்த்ததாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை காலை நேரே கரோலின் பிரசார அலுவலகத்துக்குப் போய்விட்டார். துணை வேண்டுமென்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சலவைக் கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவில் ஒரு அறை. கரோல் அட்டைப்பெட்டி பிரித்துக்கொண்டிருந்தார். நாகலக்ஷ்மி விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அந்த அம்மாள் சிரித்தார்.

“நான்தான் கிழவர் கதையில் நேரத்தை விழுங்கிவிட்டேன் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் எப்போதும் சொல்வார், உனக்குச் சுருக்கமாகப் பேச வராது என்று. மணி அடித்தால் நிறுத்துவது நர்ஸ் வேலையில் வந்த பழக்கம்.”

“அந்த மூன்று காரியம் என்ன? எனக்குச் சொல்லுங்கள்” என்றார் நாகலக்ஷ்மி, ஸ்டாப்வாட்சை எடுத்து மேஜையில் வைத்து. கரோல் சொன்னார். இருபத்தெட்டு செகண்ட். நாகலக்ஷ்மி ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது காரில் என்னிடம், “அண்ணா, அந்தம்மா ஜெயிக்கணும்னு நான் சொல்லல. அவங்க பதில் அவங்க பேர்ல போய்ச் சேரணும். அது போய்ச் சேராமயே அவங்க தோத்துட்டா, அது என்னாலதான். அப்பறம் ஒரு மேடைப் பக்கம் நான் வர மாட்டேன்” என்றார். ஃப்ரீவேயில் நான் எக்ஸிட்டைத் தவறவிட்டேன்.

அதற்கப்புறம் நாகலக்ஷ்மி யாரையும் விடவில்லை. மளிகைக் கடையில், கோயில் பார்க்கிங்கில், யோகா வகுப்பில், யாரைப் பார்த்தாலும் “முப்பது செகண்ட் குடுங்க” என்பார். ஃபோனில் வாட்சை ஓடவிட்டு மூன்றையும் சொல்லிவிட்டு நிறுத்துவார். யாருக்குப் போடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அது அவர் நியாயம்.

நாகலக்ஷ்மியின் தோழி எழிலரசியின் மகள் ரோஷினிக்குப் பிறந்தநாள். எங்கள் அபார்ட்மெண்ட் கிளப் ஹவுஸில் நாற்பது பேர். கேக் வெட்டி முடித்ததும் நாகலக்ஷ்மி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, “பத்ரி அண்ணா, டைம் பாருங்க” என்று ஃபோனை என் கையில் கொடுத்தார். எனக்கு அவர் கொடுத்த முதல் பதவி.

“கரோல் அம்மாவுக்கு முப்பது செகண்ட் பாக்கி. அவங்க சொல்ல வந்தது இது. ஒண்ணு, எல்லா முதியோர் இல்லத்துலயும் மூணு நாளைக்கு ஓடற ஜெனரேட்டர் கண்டிப்பா இருக்கணும்னு சட்டம். ரெண்டு, தனியா இருக்கற வயசானவங்க லிஸ்ட் எடுத்து, கரண்ட் போன அன்னிக்கே யாராவது கதவத் தட்டணும். மூணு, ஒவ்வொரு ஃபயர் ஸ்டேஷன்லயும் சூடா ஒரு ரூம், குடிக்கத் தண்ணி. அவ்ளோதான்.”

இருபத்தாறு செகண்ட். நான் சத்தமாக அறிவித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். பசுபதி மட்டும் கேக் தட்டோடு என் பக்கம் சாய்ந்தார்.

“மூணும் நல்லாத்தான் இருக்கு பத்ரி. ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? மணி அடிச்சா நின்னுடற ஆளு, அசெம்பிளில போய் என்னத்தைக் கிழிக்கும்?”

“மணி தப்பு உங்க ஒய்ஃபோடதுய்யா!”

“அதெல்லாம் ஒத்துக்கறேன். ஆனா மனசுல பதிஞ்சது பதிஞ்சதுதானே?”

எனக்கு வந்த கோபத்தில் அவரை ஒரு பிடி பிடித்தேன். சொந்தப் பெண்டாட்டி சொல்வதைக்கூடக் கேட்காத மனுஷன் என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். நாகலக்ஷ்மி தூரத்திலிருந்து என்னை நன்றியோடு பார்த்தார்.

மூன்று நாள் கழித்து முன்கூட்டியே ஓட்டுப் போட நானும் ஷ்யாமளாவும் ரெக்ரியேஷன் சென்டருக்குப் போனோம். பதினைந்து நிமிட வரிசை. என் முறை வந்தது. தொடுதிரையில் இரண்டு பெயர். ஹெண்ட்ரிக்ஸ், பார்னெட்.

கரோலின் பெயரைப் பார்த்தேன். அந்த அம்மாளை நேரில் சந்தித்திருக்கிறேன், டோனட் கொடுத்தார். மூன்று திட்டமும் எனக்கு மனப்பாடம். மணி எதற்கு அடித்தது என்று, நாகலக்ஷ்மியைத் தவிர, இந்தத் தொகுதியில் அந்த நிமிடமே தெரிந்த ஒரே ஓட்டர் நான். ஆனால் அந்தப் பெயரைப் பார்த்ததும் என் கண்ணில் வந்தது மூடிய வாயும் கட்டிய கையும்தான். பார்னெட்டின் பெயரைப் பார்த்ததும் அந்த உள்ளங்கை வந்தது, கூடம் அதிர்ந்த கைதட்டல் வந்தது. அவர் என்ன சொன்னார் என்று யோசித்தேன், ஒன்றும் நினைவில்லை. ஆனாலும் ஆள் தைரியசாலி, சபையில் சமாளிப்பார் என்று ஏதோ ஒன்று உள்ளே சொன்னது. என் விரல் போய் பார்னெட்டைத் தொட்டுவிட்டது. விரல் மேல் பழி போடுகிறேன், பாருங்கள். நான்தான் தொட்டேன்.

“கரோலுக்குத்தானே?” என்றாள் ஷ்யாமளா காரில்.

“ஓட்டு ரகசியம்” என்றேன்.

“அப்ப இல்ல” என்றாள்.

கரோல் ஹெண்ட்ரிக்ஸ் ஐம்பத்தெட்டு ஓட்டில் தோற்றார்.

மறு வாரம் நாகலக்ஷ்மியிடமிருந்து சங்கத்துக்கு ஒரு வரி வந்தது. சித்திரைப் புத்தாண்டுப் போட்டிகளுக்கு நேரம் பார்க்க வேறு யாரையாவது ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று. கமிட்டியில் எல்லோரும் கூடிப் பேசி, சமாதானம் சொல்ல என்னை அனுப்பினார்கள். வாய்ச் சாமர்த்தியம் உள்ளவன் நான்தானாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். ஆள் பாதியாகியிருந்தார். பசுபதி எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டபடியே ஆரம்பித்தார்.

“நீயே சொல்லு பத்ரி. டிவியில டிபேட்டெல்லாம் எவன் பாக்கறான்? கரோல் சைடுல பணம் இல்ல, ஆள் இல்ல, தோத்தாங்க. இவ மணிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

“எழிலரசியும் இதையேதான் சொன்னா. ஜூடியும் அதேதான். தீக்ஷாவும் அதேதான்” என்றார் நாகலக்ஷ்மி. “எல்லாரும் எனக்காகச் சொல்றாங்கன்னு தெரியுது. அண்ணா, நீங்க அப்படிச் சொல்ல வேணாம். அந்த மணியால ஒரு ஓட்டாவது மாறியிருக்குமா?”

மாறியிருக்கவே முடியாது என்று பத்து நிமிடம் பேசும் அளவுக்குத் தயாராக வந்திருந்தேன். அவர் என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாறிச்சு” என்றேன். “என் ஓட்டு.”

பசுபதி தலையில் கை வைத்துக்கொண்டார். நாகலக்ஷ்மி ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“அது முதல் மணின்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியும்ல?”

“தெரியும்.”

“கரோல்ட்ட நீங்களும் என் கூட வந்தீங்க.”

“வந்தேன்.”

“ரோஷினி பர்த்டேல மூணு பாயிண்ட்டையும் கேட்டீங்க. நீங்கதான் டைம் பாத்தீங்க.”

“ஆமா.”

“எல்லாம் தெரிஞ்சும், அவருக்கா?”

“அவர் உள்ளங்கையைக் காட்டினதுதான் நெனப்பு வந்துச்சு நாகலக்ஷ்மி. அசிங்கமா இருக்கு. அதான் சொல்லிட்டேன்.”

என்னை ஒரு முறை முறைத்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை.

“அஞ்சு வாரமா நான் தூங்கல அண்ணா” என்றார் மெதுவாக. “அந்தம்மாவக் கவுத்தது நான்தான்னு நெனச்சிட்டிருந்தேன். நான் எடுத்தது முப்பது செகண்ட். அத ஊர் முழுக்கத் திருப்பிக் குடுத்தேன். உங்க கையிலயும் குடுத்தேன். வாங்கிக்கிட்டு நீங்க தூக்கிப் போட்டிருக்கீங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மணி என் தப்பு, அத நான் வெச்சுக்கறேன். ஓட்டு உங்க தப்பு. அத நீங்க வெச்சுக்கங்க.”

பிறகு எழுந்து போய், புத்தாண்டுப் போட்டிக்கு எத்தனை குழந்தைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று உள்ளேயிருந்தே சத்தமாகக் கேட்டார். இருபத்துமூன்று என்றேன். அப்படியானால் காலை ஒன்பதுக்கே ஆரம்பித்துவிட வேண்டும், ஒன்பதே கால் என்று இழுக்காதீர்கள் என்றார்.

கமிட்டியில் எனக்கு ஏகப்பட்ட பாராட்டு. என்னதான் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று இன்றுவரை கேட்கிறார்கள். நான் சொல்லவில்லை. என் பங்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.